ஓஎல்இடி கேமிங் மானிட்டர்: பழுதா, குணமா, அமைப்பா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் உயர்ரக ஓஎல்இடி மானிட்டரைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி பழுதைப் பற்றியதாக இருப்பதில்லை. எல்சிடி திரையில் பழகிய கண்ணுக்கு ஓஎல்இடியின் சில குணங்கள் பழுதுபோலத் தெரிகின்றன. விண்டோஸிலோ மானிட்டரின் மெனுவிலோ தவறாகக் கிடக்கும் ஓர் அமைப்பு, பேனலின் குறைபோலத் தெரிகிறது. உண்மையான பழுதோ 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விடப்பட்டு, பொருளை மாற்றித் தரும் கெடு முடிந்த பிறகு உறுத்தத் தொடங்குகிறது. ஆகவே எந்த அறிகுறி தென்பட்டாலும் இந்த மூன்றில் அது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அமைப்பு என்றால் சில நிமிட வேலை. குணம் என்றால் அதனோடு வாழலாம், அல்லது கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழுது என்றால் மெனுவைக் குடைந்துகொண்டிருக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு வாரண்டியை நாடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: உங்களிடம் இருப்பது எந்த வகைப் பேனல்? பெட்டியின் மேல் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. எல்ஜி டிஸ்ப்ளே தயாரிக்கும் டபிள்யூஓஎல்இடி, வெள்ளை ஒளியை உண்டாக்கி வடிகட்டிகள் வழியே நிறம் பிரிக்கிறது. சிவப்பு, பச்சை, நீலத்தோடு வெள்ளைக்கென்றே தனியாக ஒரு துணைப்பிக்சலும் (பிக்சலுக்குள் ஒரு நிறத்தைக் காட்டும் சிறு பகுதி) அதில் உண்டு. சாம்சங் டிஸ்ப்ளேயின் கியூடி-ஓஎல்இடி, நீல ஒளியை உண்டாக்கி, குவாண்டம் புள்ளிகளைக் கொண்டு அதைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகிறது. கீழே வரும் பல அறிகுறிகள் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

தொடங்கும் முன் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். மானிட்டருக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். நடுவில் இருக்கும் அடாப்டர், ஸ்ப்ளிட்டர், நீட்டிப்புக் கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பெட்டியில் வந்த கேபிளையே மாட்டுங்கள். ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றுங்கள். ஐந்தாறை ஒன்றாக மாற்றியவருக்கு எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த டிரைவர் வந்து கெடுக்கும்போது மறுபடியும் முதலிலிருந்துதான்.

## வேகமே தெரியவில்லை

விண்டோஸ் புதிய மானிட்டரை 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை மட்டும் படத்தைப் புதுப்பிக்கும் வீதத்தில், தொடங்கிவிடுவது உண்டு. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று சென்று உச்ச வீதத்தைத் தேர்ந்தெடுங்கள். கேமின் உள்ளேயும் ஒருமுறை பாருங்கள். சில கேம்கள் தமக்கென்று ஒரு வீதத்தை நினைவில் வைத்திருக்கும்.

பட்டியலில் உச்ச வீதமே இல்லையென்றால் சிக்கல் கேபிளிலோ போர்ட்டிலோ இருக்கிறது. கணக்கு எளிது. 4கே திரையை 240 ஹெர்ட்ஸில், 10 பிட் நிறத்தில் அப்படியே அனுப்ப நொடிக்கு ஏறத்தாழ 60 கிகாபிட் தேவை. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உண்மையில் சுமப்பது 26 கிகாபிட்டுக்குச் சற்றுக் குறைவு, எச்டிஎம்ஐ 2.1 முழு வேகத்தில் 42 கிகாபிட்டைச் சற்றுத் தாண்டும். ஆகவே இரண்டிலும் டிஎஸ்சி என்ற சுருக்கும் முறை இயங்கியாக வேண்டும். மானிட்டரின் மெனுவில் டிஎஸ்சி அணைந்திருந்தால் உச்ச வீதம் மறைந்துபோகும். சுருக்கினால் படம் கெட்டுவிடும் என்று அஞ்சி அதை அணைப்பவர்கள் இருக்கிறார்கள். விளையாடும்போது கண்ணால் வேறுபாடு காண முடியாத ஒன்றுக்காகப் பாதி வேகத்தை இழப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

## எச்டிஆரை இயக்கியதும் எல்லாம் வெளிறிவிடுகிறது

வெளிச்சத்தையும் இருளையும் பரந்த வீச்சில் காட்டும் முறை எச்டிஆர்; வழக்கமான, குறுகிய வீச்சு எஸ்டிஆர். புதிதாக வாங்கியவர்கள் முதல் நாளே முட்டிக்கொள்ளும் இடம் இது. டெஸ்க்டாப்பும் உலாவியும் சாம்பல் பூசியதுபோல ஆகிவிடும். பேனலில் பழுது இல்லை. காரணங்கள் இரண்டு, இரண்டும் விண்டோஸ் பக்கம் இருக்கின்றன.

முதலாவது, எச்டிஆர் இயங்கும்போது சாதாரண எஸ்டிஆர் படங்களின் ஒளிர்வை மானிட்டரின் பொத்தான் முடிவு செய்வதில்லை. விண்டோஸின் எச்டிஆர் பக்கத்தில் உள்ள 'எஸ்டிஆர் கன்டென்ட் பிரைட்னஸ்' என்ற நழுவுபட்டைதான் முடிவு செய்கிறது. அதன் கீழ்முனையில் வெள்ளையின் அளவு 80 நிட் (ஒளிர்வின் அலகு), மேல்முனையில் 480 நிட். டெஸ்க்டாப் மங்கலாகவோ கண் கூசும்படியோ இருந்தால் அதை நகர்த்துங்கள்.

இரண்டாவது நுட்பமானது. எஸ்டிஆர் படங்களை எச்டிஆருக்குள் காட்டும்போது விண்டோஸ் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறத்தரத்தின் ஒளிர்வு வளைவைப் பின்பற்றுகிறது. பெரும்பாலான மானிட்டர்களும் அவற்றுக்காகச் செய்யப்பட்ட கேம்களும் 2.2 காமா என்ற இன்னொரு வளைவை ஒட்டியவை. இரண்டுக்கும் இருண்ட பகுதியில்தான் வேறுபாடு: எஸ்ஆர்ஜிபி வளைவில் நிழல்கள் சற்றுத் தூக்கலாகத் தெரியும். எல்சிடியில் பின்னொளிக் கசிவே அதை மறைத்துவிடும். முழுக் கறுப்பைக் காட்டும் ஓஎல்இடியில் அது பளிச்சென்று வெளியே வந்துவிடுகிறது.

என் பரிந்துரை எளிது: டெஸ்க்டாப்பில் எச்டிஆர் வேண்டாம். எச்டிஆர் கேமோ படமோ தொடங்கும்போது மட்டும் விண்டோஸ், ஆல்ட், பி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி இயக்குங்கள். முடிந்ததும் அதே விசைகளால் அணையுங்கள். எப்போதும் இயக்கி வைப்பவரின் வசதி எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் நாள் முழுவதும் பார்க்கப்போவது வெளிறிய டெஸ்க்டாப்பைத்தான்.

எச்டிஆர் கேமே வெளிறித் தெரிந்தால் அடுத்த படிக்குச் செல்லுங்கள். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து 'விண்டோஸ் எச்டிஆர் கேலிபரேஷன்' செயலியை நிறுவி, அது காட்டும் வடிவங்கள் மறையும் இடத்தில் நிறுத்தி, நிறவிவரக் கோப்பைச் சேமியுங்கள். பிறகு கேமின் எச்டிஆர் மெனுவில் உச்ச ஒளிர்வை உங்கள் மானிட்டர் உண்மையில் தரும் அளவுக்கு வையுங்கள். 400 நிட் முறையில் இருக்கும் மானிட்டருக்குக் கேம் 4000 நிட் அனுப்பினால் மேகமும் சூரியனும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். மானிட்டரின் எச்டிஆர் முறையை மாற்றினால் இந்த அளவீட்டைத் திரும்பச் செய்ய வேண்டும். பலர் விட்டுவிடும் படி இதுதான்.

## வெள்ளைப் பக்கத்தைத் திறந்ததும் திரை மங்குகிறது

இது குணம். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. எல்லாப் பிக்சல்களும் ஒரே நேரத்தில் உச்சத்தில் எரிந்தால் மின்சாரமும் வெப்பமும் எல்லை மீறும். எனவே திரையில் வெளிச்சமான பரப்பு கூடக் கூட, மானிட்டர் மொத்த ஒளிர்வைக் குறைக்கிறது. இதற்கு ஏபிஎல் என்று பெயர். விளம்பரத்தில் வரும் 1000 நிட், திரையின் இரண்டு மூன்று விழுக்காட்டுப் பரப்பில் கிடைப்பது: ஒரு தெருவிளக்கு, ஒரு வெடிப்பொறி. முழுத்திரை வெள்ளையில் பெரும்பாலான கியூடி-ஓஎல்இடி மானிட்டர்கள் 250 நிட்டை ஒட்டியே நிற்கின்றன.

எஸ்டிஆரில் ஜன்னலைப் பெரிதாக்கும்போதும் சிறிதாக்கும்போதும் ஒளிர்வு ஏறி இறங்கினால், மெனுவில் 'யூனிஃபார்ம் பிரைட்னஸ்' அல்லது அந்தப் பொருள்படும் அமைப்பைத் தேடி இயக்குங்கள். உச்சம் குறையும், ஆனால் ஏற்ற இறக்கம் நின்றுவிடும். அலுவல் வேலைக்கு இதுவே நல்லது.

எச்டிஆரில் விஷயம் வேறு. பல கியூடி-ஓஎல்இடி மானிட்டர்களில் 'ட்ரூ பிளாக் 400' என்றும் 'பீக் 1000' என்றும் இரண்டு முறைகள் உண்டு. எண் பெரியது என்பதால் எல்லோரும் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; பிறகு பனி மூடிய மலையும் பகல் வெளியும் மங்கலாக இருப்பதாகக் குறைப்படுகிறார்கள். 1000 முறை சிறு வெளிச்சங்களைத் தூக்கிக் காட்டும், ஆனால் காட்சி முழுக்க வெளிச்சமாக இருந்தால் பல மாடல்களில் 400 முறையைவிட அதிகமாக மங்கும். இருண்ட குகைகளும் இரவு நகரமும் நிறைந்த கேமுக்கு 1000, திறந்தவெளிக் கேமுக்கு 400 என்று வைத்துப் பாருங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் 400-ஐத்தான் வைப்பேன்.

திரை சட்டென்று மங்காமல், அசையாமல் நிற்கும் படத்தில் சில நிமிடங்களில் மெல்ல மெல்ல இறங்கி, மவுஸை அசைத்து ஜன்னலை மாற்றியதும் திரும்ப ஏறினால், அது வேறொரு பாதுகாப்பு. அசையாத படத்தால் பேனல் தேய்வதைத் தடுக்க வைத்திருக்கிறார்கள். சில மாடல்களில் மெனுவிலேயே அணைக்கலாம். மறைந்திருக்கும் சர்வீஸ் மெனுவுக்குள் நுழைந்து அணைக்கச் சொல்லும் யோசனைகள் கிடைக்கும். வாரண்டியைப் பணயம் வைக்கும் அந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

## இருண்ட காட்சிகளில் திரை படபடக்கிறது

லோடிங் திரையில், சுரங்கத்தில், கேமின் மெனுவில் அடர்சாம்பல் பகுதிகள் மினுமினுப்பதாகத் தோன்றினால், ஏறத்தாழ உறுதியாக அது விஆர்ஆர் படபடப்பு. ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் வேலை ஒன்றுதான்: கேம் தரும் ஃபிரேம்களின் வேகத்துக்கேற்ப மானிட்டரின் புதுப்பிப்பு வீதம் மாறுவது. ஓஎல்இடி பேனலின் மின்னழுத்தங்கள் குறிப்பிட்ட உயர்வீதம் ஒன்றுக்கு அளந்து வைக்கப்பட்டவை. வீதம் இறங்கும்போது ஒரே அடர்சாம்பல் நிறம் இம்மி அளவு வேறு ஒளிர்வில் வெளிப்படுகிறது. வீதம் நிலையாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. 200-க்கும் 70-க்கும் இடையே தாவிக்கொண்டிருந்தால் படபடக்கும். இருளில் நம் கண் கூர்மையாகிவிடுவதால் அங்கேதான் மிகுதியாகத் தெரிகிறது.

உறுதிசெய்ய, விஆர்ஆரை அணைத்துவிட்டு அதே இடத்தை விளையாடுங்கள். படபடப்பு மறைந்தால் நோய் தெரிந்துவிட்டது. மறையவில்லையென்றால் கேபிளையும், கேமின் ஒளிக்கணக்கில் உள்ள இரைச்சலையும் சந்தேகியுங்கள். ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் கேம்களில் நிழல்கள் தாமாகவே நெளிவது உண்டு.

மருந்து விஆர்ஆரை ஒழிப்பதல்ல. வீதத்தின் ஊசலாட்டத்தைக் குறைப்பது. உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு கடினமான காட்சியிலும் தாங்கும் ஃபிரேம் எண்ணிக்கை எதுவோ, அதற்கு உச்சவரம்பு வையுங்கள். 90-க்கும் 160-க்கும் இடையே அல்லாடும் கேமை 100-இல் கட்டினால் படபடப்பு பெருமளவு அடங்கும். விளையாட்டும் சீராக இருக்கும். சராசரி உயர்வாக இருப்பதைக் காட்டிலும் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே இடைவெளியில் வருவதுதான் இங்கே வேண்டும். நிழல், ரே டிரேசிங் போன்ற கனமான அமைப்புகளை ஒரு படி இறக்குவதும் இதே வேலையைச் செய்யும்.

கீழ் எல்லையையும் கவனியுங்கள். பெரும்பாலான மானிட்டர்களில் விஆர்ஆர் 48 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஃபிரேம் எண்ணிக்கை 47-க்கு இறங்கினால் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு முறை காட்டப்பட்டு, மானிட்டர் திடீரென்று 94 ஹெர்ட்ஸுக்குத் தாவும். 49-க்கு ஏறினால் மறுபடியும் 49. இந்த எல்லைக்கோட்டில் கேம் தள்ளாடும்போது வரும் படபடப்புதான் மிக மோசமானது. அங்கே எந்த மெனு வித்தையும் உதவாது. ஃபிரேம்களைக் கூட்டியே தீர வேண்டும்.

சில மானிட்டர்களின் மெனுவில் படபடப்பைத் தடுக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அது விஆர்ஆர் இயங்கும் எல்லையைச் சுருக்குகிறது. வீதம் அந்த எல்லைக்கு வெளியே அடிக்கடி போனால் பலன் இருக்காது, ஆனாலும் முயன்று பார்க்கலாம். லோடிங் திரையில் மட்டும் வரும் படபடப்பை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் கேமின் ஃபிரேம்கள் தாறுமாறாக வருவதை யாராலும் நிறுத்த முடியாது. டெஸ்க்டாப்பில், வீடியோ பார்க்கும்போது, கேமின் லாஞ்சரில் படபடத்தால் மட்டும் டிரைவரில் விஆர்ஆரை முழுத்திரைக் கேம்களுக்கு மட்டும் என்று வரையறுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உறுத்தினால், உயர்வீத மானிட்டரில் விஆர்ஆர் இல்லாமல் விளையாடுவது அப்படியொன்றும் பெருங்குறை அல்ல. 240 ஹெர்ட்ஸில் ஒரு புதுப்பிப்புக்கு 4.2 மில்லிநொடிதான் ஆகிறது. படம் கிழிந்தாலும் அந்தக் கிழிசல் 60 ஹெர்ட்ஸில் தெரிவதைப்போலத் தெரியாது.

## எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசிகிறது

விண்டோஸின் கிளியர்டைப், துணைப்பிக்சல்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக நிற்பதாக நம்பி எழுத்தைக் கூர்மையாக்குகிறது. கியூடி-ஓஎல்இடியில் அவை பொதுவாக முக்கோணமாக நிற்கின்றன. டபிள்யூஓஎல்இடியில் நடுவே வெள்ளை புகுந்துகொள்கிறது. முதலாவதில் கிடைக்கோடுகளின் மேல், கீழ் விளிம்புகளில் பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கசியும்; இரண்டாவதில் செங்குத்துக் கோடுகளின் பக்கங்களில் தெரியும்.

கிளியர்டைப் டியூனரைத் திறந்து, ஒவ்வொரு பக்கத்திலும் நிறக்கசிவு குறைந்த மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். போதவில்லையென்றால் கிளியர்டைப்பை அணைத்துச் சாம்பல்நிற மென்மையாக்கலுக்கு மாறுங்கள். எழுத்து இம்மி மங்கும், நிறம் போய்விடும். ஆனால் உண்மையான தீர்வு பிக்சல் அடர்த்திதான். 27 அங்குலத்தில் 1440பி என்றால் ஓர் அங்குலத்துக்கு 109 பிக்சல்கள். எட்டு மணிநேரம் எழுத்தோடு வாழ்பவருக்கு இது உறுத்தும். 32 அங்குல 4கே திரையில் 138. இங்கே பெரும்பாலோர் கசிவை மறந்துவிடுகிறார்கள். 27 அங்குல 4கே திரையில் 160-ஐத் தாண்டுகிறது. அங்கே கசிவைத் தேடித்தான் காண வேண்டும்.

## கறுப்பு கறுப்பாக இல்லை

இரண்டு விதமாக வரும். அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் கறுப்பு முழுக் கறுப்பானால், உங்களிடம் இருப்பது கியூடி-ஓஎல்இடியாக இருக்கும். வெளிவெளிச்சத்தை விழுங்கும் போலரைசர் படலம் இந்த வகைப் பேனலில் இல்லாததால், அறை வெளிச்சம் உள்ளே புகுந்து கறுப்பை ஊதா கலந்த சாம்பலாக்கித் திருப்பி அனுப்புகிறது. எந்த அமைப்பும் இதை மாற்றாது. திரையின் மீது நேராக விழும் விளக்கை இடம் மாற்றுங்கள். விளக்கு மானிட்டருக்குப் பின்னால் இருக்கட்டும். பகல் வெளிச்சம் நிறைந்த அறையில்தான் எப்போதும் இருப்பேன் என்பவருக்கு டபிள்யூஓஎல்இடி பொருத்தமானது.

விளக்கை அணைத்த பிறகும் கறுப்பு சாம்பலாகவே ஒளிர்ந்தால் நிற வரம்பு தவறாக இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டின் கன்ட்ரோல் பேனலில் வெளியீடு 'லிமிடெட்' என்று இருந்தால் 'ஃபுல்' ஆக்குங்கள். மானிட்டர் மெனுவிலும் அப்படியே. எதிர்த்திசையில் பொருந்தாமல் போனால் நிழலில் உள்ள விவரங்கள் கறுப்பில் மூழ்கிவிடும். எச்டிஎம்ஐயில் கன்சோலை இணைப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

## இருண்ட சாம்பலில் செங்குத்துக் கோடுகள், கறைகள்

முழு இருட்டில், ஐந்து விழுக்காட்டுச் சாம்பல் படத்தைத் திரை முழுக்க வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ எல்லா ஓஎல்இடியிலும் ஏதோ ஒன்று தெரியும். அந்தப் படத்தை வைத்துத் தேடாதீர்கள் என்பதே என் முதல் யோசனை. கேமிலும் படத்திலும் தாமாகக் கண்ணில் படுகின்றனவா என்று பாருங்கள். படவில்லையென்றால் மறந்துவிடுங்கள். பட்டால், மானிட்டர் தானாகச் செய்யும் பராமரிப்புச் சுற்றுகள் சிலவற்றை முடிக்க விடுங்கள்; பயன்படுத்தப் பயன்படுத்தக் கோடுகள் மெலிவது உண்டு. ஆனால் மாற்றித் தரும் கெடு நெருங்கிவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம்.

## ஆல்ட்-டேப் அழுத்தினால் சில நொடி கறுப்புத் திரை

கேம் பிரத்தியேக முழுத்திரையில் ஓடும்போது, டெஸ்க்டாப்புக்குத் திரும்புகையில் கார்டும் மானிட்டரும் புதிதாகக் கைகுலுக்க வேண்டியிருக்கிறது. டிஎஸ்சியும் எச்டிஆரும் சேர்ந்தால் இன்னும் நேரம் பிடிக்கும். கேமின் வீடியோ மெனுவில் 'பார்டர்லெஸ்' தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். தாமதம் கூடும் என்ற பழைய அச்சம் இப்போது தேவையில்லை. விண்டோஸ் 11-இல் ஜன்னலில் ஓடும் கேம்களைச் சீர்ப்படுத்தும் அமைப்பு ஒன்று டிஸ்ப்ளே கிராஃபிக்ஸ் பக்கத்தில் இருக்கிறது, அதை இயக்கிக்கொள்ளுங்கள்.

விளையாடும்போதே நடுநடுவே கறுப்பாகி மீண்டால் அது கேபிள். நீளமான கேபிளைக் குட்டையானதாக மாற்றிப் பாருங்கள்; வீதத்தை ஒரு படி இறக்கியதும் நின்றுவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

டிஎஸ்சிக்குப் பக்கவிளைவுகளும் உண்டு. என்விடியாவின் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளில் 4கே 240 ஹெர்ட்ஸ் மானிட்டரை இணைத்தால், கேமைக் கூடுதல் தெளிவில் வரைந்து திரைக்கேற்பச் சுருக்கிக் காட்டும் டிஎல்டிஎஸ்ஆர் அமைப்பு பட்டியலிலிருந்து மறைந்துவிடும். இத்தகைய திரை ஒன்று கார்டில் இரண்டு திரைகளுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்வதால், பல மானிட்டர்களை இணைத்தால் அவற்றில் ஒன்று விழிக்காமல் போகலாம். இரண்டும் பழுதல்ல.

## 30 ஃபிரேம் கேமும் சினிமாவும் வெட்டி வெட்டி ஓடுகின்றன

எல்சிடியின் மந்தமான பிக்சல்கள் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே மெழுகிவிடும். ஓஎல்இடி அப்படி எதையும் மறைப்பதில்லை. படம் சட்டென்று மாறி அடுத்த ஃபிரேம் வரை அப்படியே நிற்கிறது. நொடிக்கு 24 ஃபிரேம் படத்தில் கேமரா பக்கவாட்டில் நகரும்போது இது நன்றாகத் தெரியும். கேமில் மோஷன் பிளர் அமைப்பை, எல்லோரும் அணைக்கச் சொன்னாலும், 30 ஃபிரேமில் மட்டும் இயக்கிப் பாருங்கள். கன்சோலில் செயல்திறன் முறை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பிளேஸ்டேஷன் 5-இல் விஆர்ஆர் 48-க்கும் 120-க்கும் இடையில்தான் வேலை செய்கிறது. 30-இல் அது காப்பாற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

## நிறங்கள் அளவுக்கு மீறிப் பளபளக்கின்றன

மனித முகங்கள் ஆரஞ்சாகத் தெரிந்தால், மானிட்டர் எஸ்ஆர்ஜிபி படத்தைத் தன் முழு நிறப்பரப்புக்கும் இழுத்துவிடுகிறது. மெனுவில் எஸ்ஆர்ஜிபி முறைக்கு மாறுங்கள். வாங்கும் முன் அந்த முறையில் ஒளிர்வை மாற்ற முடிகிறதா என்று விசாரியுங்கள். சில மாடல்களில் பூட்டி வைத்திருக்கிறார்கள், ஏன் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

## பராமரிப்புச் செய்தி வந்து தொல்லை செய்கிறது

பல மானிட்டர்கள் சேர்த்து நான்கு மணிநேரம் ஓடியதும் சிறு சுற்று ஒன்றைக் கேட்கும்; சில நிமிடங்களில் முடிந்துவிடும். நெடுங்காலத்துக்கு ஒருமுறை, பல மாடல்களில் 1500 மணிநேரத்தை ஒட்டி, ஒரு மணிநேரம் பிடிக்கும் பெரிய சுற்று வரும். பிக்சல்களின் மின்னியல் மாற்றத்தை அளந்து ஈடுசெய்வதே இவற்றின் வேலை. ஒத்திப்போடலாம், தவிர்க்கக்கூடாது.

இதில் நடக்கும் பெரிய தவறு மின்சாரத்தை அடியோடு நிறுத்துவது. சிறு சுற்று பெரும்பாலும் மானிட்டர் உறங்கும்போதுதான் ஓடுகிறது. இரவில் சுவர் ஸ்விட்சை அணைக்கும் நல்ல பழக்கம் உள்ளவர்களின் மானிட்டருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. கணினியை நிறுத்திய பிறகு சிறிது நேரம் மானிட்டருக்கு மின்சாரம் இருக்கட்டும். பெரிய சுற்றை மெனுவிலிருந்து அடிக்கடி நீங்களே ஓட்ட வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் கோடோ நிழலோ இருந்தால் ஒருமுறை போதும்.

படம் அவ்வப்போது ஓரிரு பிக்சல் நகர்வது பிக்சல் ஷிஃப்ட். அப்படியே விட்டுவிடுங்கள்.

## பழைய படத்தின் நிழல் தங்கிவிட்டது

எல்லோரும் அஞ்சும் இடம். முதலில் தற்காலிகமா நிரந்தரமா என்று பாருங்கள். நடுத்தரச் சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே நிறப் படங்களை முழுத்திரையில் வைத்து, நிழல் எதில் தெளிவாகத் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிறு பராமரிப்புச் சுற்றை ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள். மறைந்தால் அது தங்கிய பிம்பம் மட்டுமே. மறையவில்லையென்றால் பெரிய சுற்று. அதற்குப் பிறகும் நின்றால் பர்ன்-இன்.

பர்ன்-இன் என்ற பெயர் எரிந்துபோனதாக நினைக்கவைக்கிறது. உண்மையில் அது சமமற்ற தேய்மானம். ஒரே பக்கம் அழுத்தி நடப்பவரின் செருப்பைப்போல, அதிகம் ஒளிர்ந்த பிக்சல்கள் அதிகம் தேய்ந்து மங்குகின்றன. இதனால்தான் எதிர்பாராத இடங்களில் அது வருகிறது. டாஸ்க்பாரை எல்லோரும் மறைத்துவைக்கிறார்கள். ஆனால் தினமும் இரண்டு ஜன்னல்களை அருகருகே வைத்து வேலை செய்பவரின் திரையில் நடுக்கோடு விழுகிறது. அகலத் திரையில் எப்போதும் 16:9 வீடியோ பார்ப்பவருக்கு, கறுப்பாகவே இருந்த இரு பக்கங்களும் தேயாமல் நின்று, நடுப்பகுதி தனியாகத் தெரியும்.

ஆகவே முதன்மையான பாதுகாப்பு ஒளிர்வைக் குறைப்பதுதான். எழுத்து வேலைக்கு 120 நிட்டை ஒட்டி வைத்தாலே மங்கிய அறையில் போதும். அடர்நிறத் தோற்றம், சில நிமிடங்களில் திரையை அணைக்கும் நேர வரம்பு, கேமின் திரைத்தகவல்களை ஒளி குறைத்து வைப்பது ஆகியவை அடுத்தபடி. ஸ்கிரீன்சேவர் எல்லாம் வேண்டாம். அணைந்த பிக்சல் தேய்வதில்லை, அவ்வளவுதான். அடையாளமாக ஒரு வால்பேப்பரையே ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் அதையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

நாள் முழுவதும் ஒரே விரிதாளைத் திறந்து வைத்திருக்கும் வேலை உங்களுடையது என்றால், நேர்மையாகச் சொல்வதானால், மினி-எல்இடி பின்னொளி கொண்ட எல்சிடியை வாங்குங்கள். ஓஎல்இடியைக் காப்பாற்றுவதே இன்னொரு வேலையாகிவிடக்கூடாது.

## மின்விசிறிச் சத்தம், ஊளைச் சத்தம்

சில மாடல்களுக்குள் மின்விசிறி உண்டு. 2022-இல் வந்த முதல் கியூடி-ஓஎல்இடி மானிட்டரான ஏலியன்வேர் ஏடபிள்யூ3423டிடபிள்யூவிலேயே இருந்தது. மெல்லிய சீரான இரைச்சல் இயல்பு, கரகரப்பு பழுது. விசிறி இல்லாமலே மெல்லிய ஊளை கேட்டு, திரையில் உள்ள படம் மாறும்போது அதுவும் மாறினால் அது மின்சுருளின் ஒலி. அமைதியான அறையில் உறுத்தினால் கெடுவுக்குள் மாற்றுங்கள்.

## ஒரு புள்ளி மட்டும் எரியவில்லை, அல்லது அணையவில்லை

பெட்டி வந்த அன்றே கறுப்பு, வெள்ளை, மூன்று நிறங்கள் என்று முழுத்திரைப் படங்களை வைத்துப் பாருங்கள். முதலில் தூசியா என்று உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். ஆல்கஹாலோ அமோனியாவோ கலந்த திரவம் எதுவும் வேண்டாம்; தேவைப்பட்டால் துணியை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் இலேசாக நனைக்கலாம். பளபளப்பான கியூடி-ஓஎல்இடியின் மேற்பூச்சு எளிதில் கீறிக்கொள்ளும், அதில் பிசிறு நகம் பட்டாலே போதும். எரிந்தே நிற்கும் பச்சைப் புள்ளி கறுப்புக் காட்சியில் எப்போதும் கண்ணைக் குத்தும். அணைந்த புள்ளி பெரும்பாலும் கண்ணில் படாது. வாரண்டி விதிகளில் இந்த இரண்டுக்கும் வெவ்வேறு எண்ணிக்கை வரம்புகள் இருக்கலாம். படித்துப் பாருங்கள்.

## வாரண்டியை நாடும்போது

பல தயாரிப்பாளர்கள் பர்ன்-இன்னையும் சேர்த்து மூன்று ஆண்டு வாரண்டி தருகிறார்கள். 'பேனல் வாரண்டி' என்ற சொல் போதாது. பர்ன்-இன் என்று எழுத்தில் இருக்க வேண்டும். அந்த வாசகம் உள்ள பக்கத்தை வாங்கிய அன்றே சேமித்துவையுங்கள், விதிகள் பின்னர் திருத்தப்படலாம்.

கோரிக்கை அனுப்பும்போது படத்தை இருட்டறையில், திரைக்கு நேராக நின்று எடுங்கள். ஃபோன் கேமரா தானாக ஒளியைக் கூட்டி இல்லாத கறைகளைக் காட்டும், அல்லது இருப்பதை அழித்துவிடும். ஆகவே எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரிவதுபோலவே படத்திலும் தெரியும்வரை குறையுங்கள். மெனுவின் தகவல் பக்கத்தில் சில மானிட்டர்கள் மொத்தம் ஓடிய மணிநேரத்தையும் பராமரிப்புச் சுற்றுகளின் எண்ணிக்கையையும் காட்டும். அதையும் படம் எடுத்துச் சேருங்கள். 'சுற்றை ஓட்டிப் பார்த்தீர்களா' என்ற முதல் பதில் கடிதத்துக்கு இடமிருக்காது. பெட்டியையும் உள்ளிருக்கும் நுரைத் தாங்கிகளையும் தூக்கி எறியாதீர்கள். வளைந்த ஓஎல்இடி பேனலை வேறு பெட்டியில் வைத்து அனுப்பினால், வழியில் விழுந்த விரிசலுக்கு யார் பொறுப்பு என்ற புதிய வழக்கு தொடங்கிவிடும்.